கிழங்கோடு போகும் சாம்பல்சத்து

சின்னசேலம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கின் விலையை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. கிழங்கில் மாவு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அதைப் ‘பாயின்ட்’ கணக்கில் சொல்கிறார்கள். ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள். ஒரே நாளில், ஒரே ஆலையில், ஒரே எடைக்கு இரண்டு விவசாயிகள் வெவ்வேறு தொகை வாங்கிக்கொண்டு போவது இதனால்தான். பாயின்ட் குறைந்தால் ரகத்தைக் குறை சொல்வார்கள், மழையைச் சொல்வார்கள், முற்றுவதற்குள் பிடுங்கிவிட்டதாகச் சொல்வார்கள். எல்லாமே காரணங்கள்தாம். பத்து மாதத்துக்கு முன்னால் மண்ணில் எந்த உரம் விழுந்தது, எது விழவே இல்லை என்ற பேச்சு மட்டும் அபூர்வமாகத்தான் எழுகிறது.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. கிழக்கே ஏரிப்பாசனமும் கிணற்றுப்பாசனமும் கொண்ட நெல், கரும்பு நிலங்கள். மேற்கே சின்னசேலம் பக்கம் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் செம்மண் காடுகள். அதற்கும் மேலே கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்தேறும் சாலையில் கரியாலூர், வெள்ளிமலை என விரியும் கல்வராயன் மலை. மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமையும் தினையும் விளைந்த சரிவுக் கொல்லைகளில் இன்று பெரும்பகுதி மரவள்ளி. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையிலும் இதே மாற்றம் நடந்தது. சாமை வீட்டுக்கு, மரவள்ளி காசுக்கு என்று பிரித்துப் பார்க்கும் குடும்பத்துக்குக் காசுப் பயிரை விட்டுவிட்டு வாழ வழியில்லை. மரவள்ளியைக் கைவிடச் சொல்வதில் பொருளில்லை. அது மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போவதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதே இங்குள்ள வேலை.

மரவள்ளி அள்ளிக்கொண்டு போவதில் முதலிடம் சாம்பல்சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு. இலை தயாரிக்கும் சர்க்கரை தண்டு வழியாக இறங்கிக் கிழங்கில் மாவாகப் படிவதற்கு இந்தச் சத்து வேண்டும். ஹெக்டேருக்கு 35 டன் கிழங்கு விளைந்தால், கிழங்கோடு மட்டும் ஏறக்குறைய 100 கிலோ பொட்டாசியம் வயலை விட்டு வெளியேறிவிடுகிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதில் பாதி அளவுக்குத்தான் போகிறது. கொலம்பியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தின் விஞ்ஞானி ரைன்ஹார்ட் ஹோவலர், தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகளில் ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மரவள்ளி நட்டுப் பார்த்த நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தவர். தொடக்கத்தில் உரமில்லாமலே கூட ஓரளவு விளைந்த நிலங்களில், சில ஆண்டுகளில் முதலில் பற்றாக்குறையானது பெரும்பாலும் சாம்பல்சத்துதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தாராளமாகப் போட்டாலும் சாம்பல் இல்லாத பாத்திகளில் விளைச்சல் இறங்கிக்கொண்டே போனது.

இந்தக் குறையைக் கண்ணால் பிடிப்பது கடினம். யூரியா போட்டால் ஒரு வாரத்தில் பயிர் கரும்பச்சை கட்டும். போட்ட கைக்கு அது உடனே நம்பிக்கை தரும். சாம்பல்சத்து உரமான பொட்டாஷ் போட்டால் மேலே எதுவும் தெரியாது. குறை முற்றும்போது அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகும், தண்டு மெலியும். அப்படி மெலிந்த தண்டிலிருந்து வெட்டும் கரணை அடுத்த பருவத்தில் முளைவிடுவதிலும் சோர்ந்துபோகும். தழைச்சத்து மட்டும் மிகுந்தாலோ செடி காடாக வளரும். கிழங்கில் மாவு குறையும், நச்சுத்தன்மை தரும் சயனைடு கூடும். பச்சையைப் பார்த்து மகிழ்ந்தவருக்கு ஆலையில் பாயின்ட் குறைவதன் காரணம் விளங்காமல் போவது இயல்பு.

பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மானாவாரி மரவள்ளிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்குத் தழை 50, மணி 65, சாம்பல் 125 கிலோ என்று சொல்கிறது. ஏக்கருக்கு மாற்றினால் சுமாராக 20, 26, 50. மூட்டையாக மாற்றினால் டிஏபி 57 கிலோ, யூரியா 22 கிலோ, பொட்டாஷ் 83 கிலோ. இனி, ஒரு மூட்டை 17-17-17 காம்ப்ளக்ஸும் ஒரு மூட்டை யூரியாவும் வாங்கி ஒரு ஏக்கருக்குப் போட்டுவிட்டு, உரம் போட்டாயிற்று என்று நினைக்கும் விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவர் நிலத்துக்குத் தழைச்சத்து 29 கிலோ போய்ச் சேர்கிறது. தேவையைப் போல ஒன்றரை மடங்கு. சாம்பல்சத்து எட்டரை கிலோ. தேவையில் ஆறில் ஒரு பங்கு. அவர் உரம் குறைவாகப் போடவில்லை. பங்கு பிசகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பிசகுக்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் காட்டுவது எளிது, நியாயமில்லை. விலைப்பட்டியலைப் பார்த்தால் போதும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ; கிலோ 13 ரூபாய்க்கும் குறைவு. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை அண்மை ஆண்டுகளில் 1,500 ரூபாயைத் தாண்டி விற்கிறது. அதிலுள்ள சாம்பல்சத்து 30 கிலோ, அதாவது கிலோ 50 ரூபாய்க்கு மேல். 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை சந்தைக்கு விடப்பட்டது; யூரியா மட்டும் அரசின் விலைக் கட்டுப்பாட்டில் நின்றது. பொட்டாஷ் முழுக்க முழுக்க வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். தில்லியில் எடுத்த ஒரு முடிவு, சின்னசேலத்துச் செம்மண்ணில் எந்தச் சத்து விழும் என்பதைப் பதினைந்து ஆண்டுகளாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. இதன் மேல் உள்ளூர்க் கடைகளின் கட்டாயம் வேறு: யூரியா வேண்டுமானால் இந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள் என்று இணைப்புப் பொருளைத் தலையில் கட்டுவது. கூடாது என்று மாவட்ட நிர்வாகங்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தும் தட்டுப்பாடு வரும் வாரங்களில் அது தலைகாட்டுகிறது. பொட்டாஷுக்கு எடுத்துவைத்த பணம் அப்படித்தான் கரைகிறது.

ஒரு சத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நூற்றாண்டைக் கடந்த சாட்சி உண்டு. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர எரு ஆய்வு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய ஆய்வின் வழியில், ஒரு பாத்திக்கு எதுவும் போடாமல், ஒன்றுக்குத் தழை மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும், ஒன்றுக்குத் தொழுவுரம் என்று தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள். தழை மட்டும் பெற்ற பாத்திகள் பின்தங்கிவிட்டன. மூன்று சத்தும் சமமாகப் பெற்றவை தாக்குப்பிடிக்கின்றன. தொழுவுரம் கண்ட பாத்திகளில் மண்ணின் கரிமச்சத்து நிலைத்து நிற்கிறது. உரமா எருவா என்று கட்சி கட்டிப் பேசுகிறவர்கள் அந்தப் பாத்திகளைப் போய்ப் பார்த்து வரலாம்.

உரம் மட்டுமே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வட்டாரங்களில் செடிகளின் நுனியைச் சுருட்டியபோது எந்த உரமும் கைகொடுக்கவில்லை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள மையம் வரவழைத்த அனாகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை, கல்வராயன் மலையின் தென்புறத்தில் ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022 மார்ச்சில் வெளியிட்டார்கள். மலையின் இந்தப் பக்கம் விவசாயி கேட்கும் கேள்விக்கு அந்தப் பக்கம் அடிவாரத்திலேயே விடை தேடும் ஒரு நிலையம் இருப்பது பெரிய வசதி. அதை இன்னும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மண்ணைப் பரிசோதித்து அதற்கேற்ப உரமிடுங்கள் என்ற அறிவுரை புதிதில்லை. எவ்வளவு விளைச்சல் வேண்டுமோ அதைக் குறிவைத்து, மண்ணில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்து, மீதியை மட்டும் உரமாக இடும் கணக்கை 1967இலேயே ராமமூர்த்தி என்ற இந்திய மண்ணியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கட்டில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கியது. கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச்சத்து, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் என்று 12 விவரங்கள் அட்டையில் இருக்கும். எண்ணம் நல்லது. மாதிரி எடுத்த விதத்தில்தான் சிறு விவசாயி விடுபட்டுப்போனார். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் கையில் உள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். ஆக, மானாவாரிக் கட்டம் ஒன்றுக்குள் பதின்மூன்று பேரின் நிலம் அடங்கும். பதின்மூன்று பேருக்கும் ஒரே மண்.

சமவெளியில் இதைச் சகித்துக்கொள்ளலாம். கல்வராயன் சரிவில் மேட்டுக் கொல்லைக்கும் கீழே ஓடையோரக் கொல்லைக்கும் மண்ணில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேட்டில் மேல்மண் கரைந்து சரளை தெரியும். கரைந்த வளமெல்லாம் கீழே படிந்து கிடக்கும். அந்தந்தக் கொல்லைக்கு ஒரு மாதிரி எடுப்பது பெரிய வித்தையும் இல்லை. வரப்பு, மரநிழல், எருக்குழி இவற்றை விட்டு விலகிப் பத்துப் பதினைந்து இடத்தில் மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் வெட்ட வேண்டும். நெல்லுக்கு 15 செ.மீ., மரவள்ளிக்கும் கரும்புக்கும் 22.5 செ.மீ. ஆழம். குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சுரண்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காக்கி எதிரெதிர் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும். நிழலில் உலர்த்திப் பையில் போட்டால் ஆயிற்று. ஒரு காலை நேர வேலை. மலையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுசேர்ப்பதும், முடிவு நடவுக்கு முன்னால் திரும்பி வருவதும்தான் சிக்கல்.

சரி, அட்டை கைக்கு வந்துவிட்டால்? பீகாரில் ராம் ஃபிஷ்மன், அவினாஷ் கிஷோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், மண் பரிசோதனைப் பரிந்துரை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உரமிடும் முறையில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. அட்டை புரியாதது, புரிந்தாலும் நம்பிக்கை வராதது, நம்பினாலும் கைக்காசு இல்லாதது என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. தான்சானியாவின் மொரோகோரோ பகுதியில் அவுரேலி ஹாரூவும் சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். சிலருக்கு அவரவர் நிலத்துக்கான பரிந்துரை மட்டும், சிலருக்கு உரம் வாங்கப் பணச்சீட்டு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களின் விளைச்சல்தான் கூடியது. தகவல் மட்டும் பெற்றவரும், பணம் மட்டும் பெற்றவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். உர அறிவுரை சொல்லும் ஒவ்வோர் அலுவலகத்திலும் எழுதி வைக்க வேண்டிய முடிவு இது.

மேற்குக் கென்யாவில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீமர், ஜோனதன் ராபின்சன் மூவரும் மக்காச்சோளத்தில் கண்டது இன்னொரு பாடம். அரசு பரிந்துரைத்த முழு உரத் தொகுப்பு சராசரி விவசாயிக்கு லாபம் தரவில்லை. குழிக்கு அரைத் தேக்கரண்டி மேலுரம் இட்டவருக்கு நல்ல லாபம். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் சில நாட்களுக்குள் உரத்துக்குப் பணம் கட்டினால் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னபோது உரம் வாங்குவோர் கணிசமாகக் கூடினார்கள். அதே விவசாயிகள், பணம் செலவழிந்த பிறகு நடவு நேரத்தில் கடைக்குப் போகத் தயங்கியவர்கள்தாம். கல்வராயன் மலையில் கிழங்கு விற்ற பணம் வீட்டுக்கு வரும் வாரம் எல்லோருக்கும் தெரியும். உரக் கூட்டங்களும் முன்பதிவும் அந்த வாரத்தில் நடக்க வேண்டும்.

கீழே நெல் வயலில் நிலைமை வேறு. அங்கே யூரியா அளவும் இடும் நாளும்தான் பேச்சு. இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டையை, நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு முறை வயலுக்கு எடுத்துப் போனால் போதும். காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், வெயில் அட்டையில் விழாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த இளம் இலையைப் பத்துக் குத்தில் ஒப்பிட வேண்டும். ஆறு இலையோ அதற்கு மேலோ குறித்த நிறத்தை விட வெளுத்திருந்தால்தான் உரம். பெரும்பாலான ரகங்களுக்கு அட்டையின் 4ஆம் நிறம் அளவுகோல். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் நிறமே போதும். பொன்னி நடுகிறவர் பக்கத்து வயலின் பச்சையைப் பார்த்து யூரியா அள்ளி வீசினால் பயிர் சாயும், பூச்சியும் நோயும் சேரும். வங்கதேசத்தில் மஹ்னாஸ் இஸ்லாமும் சப்ரின் பெக்கும் இந்த அட்டையையும் எளிய விதியையும் விவசாயிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். யூரியா சுமார் 8 விழுக்காடு குறைந்தது, விளைச்சல் சுமார் 7 விழுக்காடு கூடியது. ஒரு நெகிழி அட்டைக்கு இது சிறிய சாதனையில்லை.

மூட்டை உரத்தோடு கள்ளக்குறிச்சி மண்ணுக்குள் திரும்ப வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் கழிவான பிரஸ்மட், மணிச்சத்தும் சுண்ணாம்பும் உள்ள சரக்கு. மட்கவைத்துப் போட்டால் நல்ல எரு. ஆட்டுக்கிடையும் தக்கைப்பூண்டும் சணப்பையும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற பெயரில் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டத்தில் பசுந்தாள் விதையும் அடங்கும். மரவள்ளியில் இன்னும் எளிய வழி இருக்கிறது. கரணைக்குப் போக மிஞ்சும் தண்டையும் இலையையும் கொளுத்தாமல், வரப்பில் வீசாமல், கொல்லையிலேயே மடித்துப் போட்டால் செடி எடுத்துக்கொண்டதில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

சரிவில் உரத்தை மேலாகத் தூவினால் அடுத்த மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகும். செடியைச் சுற்றிச் சிறு பள்ளம் பறித்து இட்டு மண்ணால் மூட வேண்டும். நைஜர், ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனம் கம்புக்கும் சோளத்துக்கும் பரப்பிய முறை இதே வகைதான். குழிக்கு ஒரு சோடா பாட்டில் மூடி அளவு உரம், அவ்வளவே. கொஞ்சமாக வாங்க முடிந்தவர் அந்தக் கொஞ்சத்தை வேரருகே சேர்க்கிறார். வரப்பில் வெட்டிவேரோ தீவனப் புல்லோ நட்டு மண்ணைப் பிடித்துவைத்தால்தான் இட்ட உரத்துக்கும் மதிப்பு.

மலையில் கடைசியாக வந்து நிற்பது நிலத்தின் காகிதம். கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஜாகீர்களாக நெடுங்காலம் இருந்து 1976இல்தான் முழுதாக அரசின் கீழ் வந்தது. தலைமுறையாக உழுகிற நிலத்துக்கு இன்னும் பட்டா இல்லாத குடும்பங்கள் பல. பட்டா இல்லையேல் சிட்டா இல்லை. சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் கூட்டுறவுப் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. கடனில்லாதவர் நடவு நேரத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். கிழங்கின் விலையும் அவர் சொல்வதாகிவிடுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி என்று அங்கே பேசப்பட்டவற்றோடு வன உரிமைச் சட்டப்படியான நில உரிமையும் சேரும். அது உர விஷயமும்கூட.

மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் வேளாண் துறையும் சேர்ந்தால் அடுத்த நடவிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஊராட்சிக்கு இரண்டு மூன்று விவசாயிகளின் கொல்லையில், மேட்டில் ஒன்று, தாழ்வில் ஒன்று என்று, தலா ஐந்து சென்டில் பக்கம் பக்கமாக மூன்று பாத்தி: வழக்கப்படி ஒன்று, பரிந்துரைப்படி ஒன்று, பரிந்துரையில் பொட்டாஷை மட்டும் விட்டது ஒன்று. பிடுங்கும் நாளில் ஊரார் முன்னிலையில் எடை போட்டு, மாவையும் அளந்து, உரச் செலவைக் கழித்து எழுதிவைக்க வேண்டும். நட்டம் வந்தால் அந்தப் பாத்திக்கு ஈடு கொடுத்துவிடலாம், தொகை சிறியது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, கிழங்குப் பணம் கையில் இருக்கும்போதே முன்பதிவு வாங்கி, அரை மூட்டையாகவும் பிரித்துக் கொடுக்கச் சங்கம் முன்வந்தால், வெள்ளிமலைக்கு எத்தனை மூட்டை பொட்டாஷ் ஏற வேண்டும் என்பதை மேலிருந்து வரும் ஒதுக்கீடு முடிவு செய்யாது. அந்தக் கொல்லைகளில் எடை போட்ட விவசாயிகளே முடிவு செய்வார்கள்.